அஜின்கோர்ட் சேறும் ஆங்கிலேய வில்லும்: கேள்வி பதில்

இடைக்காலப் போர்களில் வில்லாளிகள் பற்றி நண்பர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். பாதிக்கு மேல் அஜின்கோர்ட்டைப் பற்றித்தான்; வடக்குப் பிரான்ஸில் இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த இடம் அது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சார், 1415-ல் அஜின்கோர்ட்டில் ஐந்தாம் ஹென்றி ஜெயித்ததற்கு நெடுவில்தான் காரணம் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையா?

நெடுவில், அதாவது ஏறக்குறைய ஆள் உயரம் உள்ள அந்த வில், இல்லாமல் ஜெயித்திருக்க முடியாது. ஆனால் அதே வில்லாளிகளைக் காய்ந்த, திறந்த சமவெளியில் நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அக்டோபர் 25. கோதுமைக்காக உழுது போட்ட வயல். முந்தைய இரவு நல்ல மழை. இடப்பக்கமும் வலப்பக்கமும் காடு. பிரெஞ்சு குதிரைப்படை முதலில் இரண்டு ஓரங்களிலும் நின்ற வில்லாளிகள் மேல் பாய்ந்தது. காடு இருந்ததால் சுற்றி வளைத்து வர வழியில்லை, நேராகத்தான் வர வேண்டும். நேரே வந்தால் தரையில் சாய்வாக நட்டிருந்த கூர் மர முளைகள். அம்பு பட்ட குதிரைகள் மிரண்டு திரும்பி, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த சொந்தக் காலாட்படைக்குள்ளேயே புகுந்தன. ஏற்கெனவே ஈரமான வயலைக் குளம்புகள் மேலும் மிதித்துக் குழைத்தன.

அதற்குப் பிறகு கவசம் அணிந்த பிரபுக்கள் அந்தச் சகதியில் நடந்து வந்தார்கள். கவசம் 20 முதல் 30 கிலோ இருக்கும். 2011-ல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட கவசம் அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தபோது, சாதாரணமாக நடப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவானது. அதுவும் சமதளத்தில். சேற்றில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும், கால் புதைவது சுலபம், பிடுங்குவதுதான் பாடு.

தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கிவிட்டு, அம்புக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்கள், ஆங்கிலேய வரிசையை அடையும்போதே களைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ள, முன்னால் இருந்தவர்களால் கையை ஓங்கக்கூட முடியவில்லை. விழுந்தவர் எழவில்லை. பலர் மூச்சுத் திணறியே இறந்தார்கள். அந்த நேரத்தில் வில்லாளிகள் வில்லைப் போட்டுவிட்டு, முளை அடிக்க வைத்திருந்த சுத்தியலும் கோடரியும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கனமான கவசம் இல்லை, சிலர் காலில் செருப்புகூட இல்லை. சேறு அவர்களை அவ்வளவாகப் பிடித்து வைக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் போரின் முடிவை எழுதியது கடைசியில் வந்த இந்தக் கைகலப்புதான்.

கேள்வி: சேறு என்று தெரிந்தும் பிரெஞ்சுக்காரர்கள் ஏன் இறங்கினார்கள்? நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாமே?

அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஹென்றியின் படை வயிற்றுப்போக்காலும் பசியாலும் வாடிக்கொண்டிருந்தது, காலம் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம். மணிக்கணக்காக இரண்டு படைகளும் அசையாமல் நின்றன. அப்புறம் ஹென்றி துணிந்து ஒரு காரியம் செய்தார். நட்டிருந்த முளைகளைப் பிடுங்கச் சொல்லி, படையை அம்பு எட்டும் தூரத்துக்கு முன்னே கொண்டுபோய், அங்கே மறுபடியும் நடச் செய்தார். முளை பிடுங்கிய கையோடு நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்திருந்தால் வில்லாளிகள் தொலைந்தார்கள். பாயவில்லை. அம்பு விழத் தொடங்கியதும் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கிளம்பினார்கள். பிரெஞ்சுப் படையின் எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர்களிடையே பெரிய சண்டையே உண்டு. 12,000 என்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டு மடங்கு என்பவர்களும் இருக்கிறார்கள். எத்தனை பேர் வந்திருந்தாலும் அந்த இடைவெளியில் ஒரே சமயத்தில் சண்டை போட முன்வரிசைக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

கேள்வி: அம்பு இரும்புக் கவசத்தைத் துளைக்குமா?

நல்ல மார்புக் கவசத்தைப் பெரும்பாலும் துளைக்காது. குதிரையின் பக்கவாட்டைத் துளைக்கும். முகமூடியின் இடுக்கு, அக்குள், மூட்டு இணைப்பு, சங்கிலிக் கவசம் மட்டும் உள்ள இடம், இங்கெல்லாம் ஆபத்து.

கேள்வி: அண்ணா, கிரெசியில் ஜெனோவாவின் குறுக்குவில் வீரர்கள் அவ்வளவு மோசமாகத் தோற்றது ஏன்? குறுக்குவில் மட்டமான ஆயுதமா?

மட்டமே இல்லை. இத்தாலியின் ஜெனோவா நகரத்து வீரர்கள் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற கூலிப்படையினர், கிரெசியில் பிரெஞ்சுப் பக்கம் நின்றவர்கள். வடக்குப் பிரான்ஸின் கிரெசியில் 1346 ஆகஸ்ட் 26 அன்று நடந்தது அவர்களுக்குப் பெரிய அநியாயம். குறுக்குவில் என்பது ஒரு கட்டைமேல் குறுக்காக வில்லைப் பொருத்தி, விசையைத் தட்டி எய்யும் ஆயுதம்; அதை மறுபடி நாணேற்ற நேரம் பிடிக்கும். அதுவரை ஒளிந்துகொள்ள ஆள் உயரக் கேடயம் வேண்டும். அந்தக் கேடயங்கள் பின்னால் வந்த சாமான் வண்டிகளில் கிடந்தன. நாளெல்லாம் நடந்து வந்த களைப்போடு, மழை பெய்து ஓய்ந்த தரையில், மேட்டில் நின்ற எதிரியை நோக்கி ஏறச் சொன்னார்கள். அவர்கள் ஒரு முறை எய்து முடிப்பதற்குள் ஆங்கிலேயர்கள் பல முறை எய்துவிட்டார்கள். பின்வாங்கியபோது சொந்தப் பக்கத்துக் குதிரை வீரர்களே அவர்களை மிதித்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் பொறுத்திருந்தால் கேடயமும் வந்திருக்கும், ஓய்வும் கிடைத்திருக்கும்.

கேள்வி: நெடுவில்லாளிகள் தோற்ற போர் உண்டா?

உண்டு, அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். 1314-ல் ஸ்காட்லாந்தின் பானக்பர்னில் ஆங்கிலேயப் படை ஓடைகளுக்கும் சதுப்புக்கும் நடுவே நெருக்கியடித்து நின்றது. வில்லாளிகள் ஒருவழியாக ஓரத்துக்கு வந்து எய்யத் தொடங்கியதும் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் 500 குதிரை வீரர்களை அவர்கள் மேல் ஏவினார். பாதுகாப்புக்கு முளையும் இல்லை, காடும் இல்லை, சிதறி ஓடினார்கள்.

1424-ல் பிரான்ஸின் வெர்னூயில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். ஆகஸ்ட் வெயிலில் தரை கெட்டிப்பட்டுக் கிடந்தது. முளை சரியாக இறங்கவில்லை. குதிரைக்கும் சேர்த்துக் கவசம் போட்டு, பிரெஞ்சுக்காரர்களுக்காகப் போரிட்ட இத்தாலியப் படை வில்லாளிகளை உடைத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் போனவர்கள் பின்னால் இருந்த சாமான்களைக் கொள்ளையடிக்கப் போனதால் ஆங்கிலேயக் காலாட்கள் கைகலப்பில் ஜெயித்துவிட்டார்கள்.

1429 ஜூன் 18, பிரான்ஸின் பாட்டே. இங்கே நேரமே கிடைக்கவில்லை. வில்லாளிகள் முளை நடத் தயாராகும் முன்பே காட்டிலிருந்து ஒரு கலைமான் ஓடிவர, இவர்கள் சத்தம் போட, அருகிலேயே இருந்த பிரெஞ்சு ஒற்றர்களுக்கு இடம் தெரிந்துவிட்டது. பிரெஞ்சுத் தளபதி லா ஹயரின் குதிரைப்படை வந்து இறங்கியது. ஆங்கிலேயர்களுக்கு 2,000 பேருக்கு மேல் இழப்பு. ஆங்கிலேயத் தளபதி டால்பட் சிறைப்பட்டார்.

கேள்வி: ஐரோப்பாவுக்கு வெளியே இப்படி உண்டா சார்?

1187 ஜூலை, பாலஸ்தீனத்தின் ஹட்டின். அங்கே மண்ணின் ஆயுதம் தாகம். சிலுவைப் படை சஃபூரியா ஊற்றுகளை விட்டு, முற்றுகையில் இருந்த திபேரியா நகரத்தைக் காப்பாற்றக் கிளம்பியது. சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனால் கோடையில், வழியில் போதிய தண்ணீர் இல்லாத மேட்டு நிலம். முஸ்லிம் சுல்தான் சலாதீனின் குதிரை வில்லாளிகள் படையின் வாலை விடாமல் எய்து எய்து நடையைத் தாமதப்படுத்தினார்கள். ஒரு நாளில் முடிய வேண்டிய நடை முடியவில்லை, தண்ணீர் இல்லாமலே இரவைக் கழித்தார்கள். மறுநாள் காய்ந்த புல்லுக்கு வைத்த தீயின் புகை வேறு. குதிரைகள் அம்பு பட்டு விழுந்த பிறகு, கவச வீரர்கள் நடந்தே சண்டை போட வேண்டியதாயிற்று.

கேள்வி: இவ்வளவு பலன் தந்த நெடுவில்லை மற்ற நாடுகள் ஏன் பின்பற்றவில்லை?

வில்லை வாங்கலாம், தோளை வாங்க முடியாது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் 1363-ல் விடுமுறை நாள்களில் எல்லோரும் வில் பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். சிறு வயதிலிருந்தே இழுத்துப் பழக வேண்டும். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த விற்களில் பலவற்றை இழுக்க 45 கிலோவுக்கும் மேல் விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே கப்பலில் கிடைத்த சில எலும்புக்கூடுகளில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமல் தனியாகவே இருந்தது. வளரும் வயதில் வில் இழுத்ததால் வந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.