ஊரடங்கு நாட்களில் வீட்டிலும் தொழிலிலும் உருப்படியா ஏதும் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் "எல்லாம் நன்மைக்கே" என்று நாட்கூலிக்காரரிடம் போய்ச் சொல்லாதீங்கோ.

2020 மார்ச் 20 மாலை கொரோனாவால் இலங்கை முழுக்க ஊரடங்கு வந்தபோது, திருகோணமலையில் எங்கள் முற்றம் வெறும் மணல். பழைய அரிசிப் பையில் மாட்டெரு கலந்து கீரை விதைத்தோம்; ஒரு மாதத்தில் பிடுங்கிக் கடைந்தாச்சு.

தொழிலென்றால் மீனைப் பாருங்கோ. அக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மீன்சந்தையை மூட, கொழும்புக்குப் போகிற மீன் இங்கேயே தேங்கியது. அயல்வீட்டு அக்கா சூரையை மலிவாக வாங்கி, கீறி, உப்பிட்டுக் காயவைத்தார். உப்பு மீனின் நீரை இழுத்துவிடும். அதனால்தான் கருவாடு கெடாமல் இருக்கிறது. முதல் தரம் உப்புக் குறைந்து புழு வைத்தது வேறு கதை. பிறகு வாட்ஸ்அப்பில் ஓடர் எடுத்தார்.

அலுவலகக்காரர் தமிழ்த் தட்டச்சாவது பழகலாம். நான் அப்போது பழகியதில்தான் இதை அடிக்கிறேன்.