அசெம்பிளியில் சிம்பல்களின் புலப்பாடு: கேள்வி பதில்

அசெம்பிளி நிரலில் எழுதும் ஒரு பெயர் (சிம்பல்) எதுவரை தெரிய வேண்டும், எங்கே மறைந்துவிட வேண்டும் என்பது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் லினக்ஸ், அதன் நிரல் கோப்புகளுக்கான எல்ஃப் வடிவம், க்னூ அசெம்பிளர், எக்ஸ்86-64 ப்ராசசர் ஆகியவற்றை வைத்தே பேசுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மாணவன். இரண்டு எண்களைக் கூட்டும் ஃபங்ஷன் ஒன்றை அசெம்பிளியில் எழுதி, சி நிரலிலிருந்து அழைத்தேன். லேபிள் கோப்பில் கண்ணெதிரே இருந்தும், அப்படியொரு பெயரே இல்லை என்று, கோப்புகளை இணைத்து நிரலாக்கும் லிங்கர் சொல்கிறது. ஏன்?

பதில்: அசெம்பிளியில் நீங்கள் எழுதும் லேபிள் அந்தக் கோப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். சி மொழியில் வழக்கம் இதற்கு நேர் எதிரானது. அங்கே 'ஸ்டாட்டிக்' என்று எழுதாதவரை ஃபங்ஷனின் பெயர் எல்லாக் கோப்புகளுக்கும் தெரியும். சி பழகிவிட்டு அசெம்பிளிக்கு வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். லேபிளுக்கு மேலே '.குளோபல் கூட்டு' என்று ஒரு வரி சேருங்கள், சரியாகிவிடும். அந்த டைரக்டிவை (அசெம்பிளருக்கான அறிவுறுத்தலை) ஆங்கிலத்தில் கடைசி எல்லுக்கு முன் ஏ எழுத்தோடும் எழுதலாம், அது இல்லாமலும் எழுதலாம். க்னூ அசெம்பிளர் இரண்டையும் ஏற்கும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். க்னூ அசெம்பிளர் '.எக்ஸ்டர்ன்' என்ற டைரக்டிவைப் படித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். தனக்குத் தெரியாத எந்தப் பெயரையும் வேறு கோப்பில் இருக்கும் என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பெயரை எழுத்துப்பிழையோடு அடித்திருந்தால் அது லிங்கர் வரை போன பிறகே வெளிப்படும். நாஸ்ம் என்ற வேறோர் அசெம்பிளரில் 'எக்ஸ்டர்ன்' என்று அறிவிக்காத பெயர் உடனே பிழையாகும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நாஸ்மின் கண்டிப்புத்தான் பிடிக்கும். மேக் கணினியில் எழுதுவதாக இருந்தால் சி மொழிப் பெயர்களுக்கு முன்னால் ஓர் அடிக்கோடு தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: '.லோக்கல்', '.குளோபல்', '.வீக்' என்று ஒரு பக்கமும், '.ஹிடன்', '.புரொடெக்டட்' என்று மறுபக்கமும் டைரக்டிவ்கள் இருக்கின்றன. எல்லாமே பெயரை மறைப்பது, காட்டுவது பற்றியவைதானே? எதற்கு இத்தனை?

பதில்: அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதல் கேள்வி, அசெம்பிளரோ கம்பைலரோ தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளை லிங்கர் ஒன்றுசேர்க்கும்போது ஒரு கோப்பின் பெயர் மற்றொன்றுக்குத் தெரியுமா என்பது; இதைப் பிணைப்பு என்போம். இரண்டாவது, சேர்த்து முடித்த ஷேர்டு லைப்ரரியையோ (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) நிரலையோ தாண்டி அந்தப் பெயர் வெளியே போகுமா என்பது; இதுதான் புலப்பாடு.

கோப்பிலும் இவை தனித்தனி இடங்களில்தான் பதிவாகின்றன. 64 பிட் எல்ஃப் கோப்பின் சிம்பல் அட்டவணையில் ஒவ்வொரு சிம்பலுக்கும் 24 பைட் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் ஒரு பைட்டின் மேல் 4 பிட்டுகளில் பிணைப்பு இருக்கும்: 0 என்றால் லோக்கல், 1 என்றால் குளோபல், 2 என்றால் வீக் (அதே பெயரில் குளோபல் வந்தால் விலகிக்கொள்வது). அதற்கு அடுத்த பைட்டின் கடைசி 2 பிட்டுகளில் புலப்பாடு இருக்கும்: 0 டிஃபால்ட், 1 இன்டர்னல், 2 ஹிடன், 3 புரொடெக்டட்.

இவை தனித்தனி என்பதால் '.ஹிடன்' மட்டும் எழுதினால் பெயர் குளோபலாகிவிடாது. உங்கள் லைப்ரரியின் பல கோப்புகளுக்குள் தெரிய வேண்டும், ஆனால் லைப்ரரிக்கு வெளியே தெரியக் கூடாது என்றால் '.குளோபல்', '.ஹிடன்' இரண்டு வரிகளும் தேவை. பெரும்பாலான அசெம்பிளி ஃபங்ஷன்களுக்கு இந்த ஜோடியே பொருத்தமானது என்பது என் கருத்து.

கேள்வி: சிஆர்சி (தரவில் பிழையைக் கண்டறிய உதவும் எண்) கணக்கிடும் ஃபங்ஷனும் அதற்கான 256 உறுப்பு அட்டவணையும் ஒரே அசெம்பிளி கோப்பில் உள்ளன. தனி நிரலாக இணைத்தால் ஓடுகிறது. ஷேர்டு லைப்ரரியாக இணைத்தால், 'அட்டவணை' என்ற சிம்பலுக்கான பிசி32 ரீலொகேஷனை ஷேர்டு ஆப்ஜெக்டில் பயன்படுத்த முடியாது, 'எஃப்பிக்' ஃபிளாக் சேர்த்து மறுபடி கம்பைல் செய்க என்று லிங்கர் நிற்கிறது. கையால் எழுதிய அசெம்பிளியை எந்த ஃபிளாக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்வது?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. அந்த அறிவுரை கம்பைலர் பெற்றெடுத்த கோப்புகளுக்கு உரியது. கையால் எழுதிய கோப்புக்கு அந்த ஃபிளாக் எதையும் மாற்றாது. ஆனால் லிங்கர் சுட்டிக்காட்டும் சிக்கல் உண்மையானது.

உங்கள் ஃபங்ஷனில் அட்டவணையின் முகவரியை எடுக்கும் 'எல்ஈஏ' கட்டளை, தன் இடத்திலிருந்து அட்டவணை எத்தனை பைட் தூரத்தில் இருக்கிறது என்ற 32 பிட் எண்ணை எதிர்பார்க்கிறது; அதை நிரப்பும்படி லிங்கருக்கு விடும் குறிப்பே பிசி32 ரீலொகேஷன். இரண்டும் ஒரே லைப்ரரியில் இருக்கும்போது அந்தத் தூரம் மாறாது என்று நமக்குத் தோன்றும். எல்ஃப் விதி அப்படிச் சொல்லவில்லை. குளோபல் பிணைப்பும் டிஃபால்ட் புலப்பாடும் உள்ள ஒரு பெயரை, முக்கிய நிரலோ முன்னதாக ஏற்றப்பட்ட வேறொரு லைப்ரரியோ அதே பெயரில் தன்னுடையதை வைத்துப் பதிலீடு செய்துகொள்ளலாம். ஒரு லைப்ரரியை மற்றவற்றுக்கு முன்பே ஏற்றச் சொல்லும் எல்டி_ப்ரீலோட் என்ற சூழல் மாறி வேலை செய்வது இந்த உரிமையை நம்பித்தான். ஆக, ஓடும் நேரத்தில் 'அட்டவணை' என்பது உங்களுடையதா, பிறருடையதா என்று லிங்கருக்குத் தெரியாது. தெரியாதபோது தூரத்தை எழுதிவைக்க அது மறுக்கிறது.

அட்டவணையை அந்த ஒரு கோப்பு மட்டுமே பயன்படுத்துகிறது என்றால் '.குளோபல் அட்டவணை' என்ற வரியை நீக்கிவிடுங்கள். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் இதுவே போதும். லைப்ரரியின் வேறு கோப்புகளும் அதைத் தொடுகின்றன என்றால் அந்த வரியை வைத்துக்கொண்டு '.ஹிடன் அட்டவணை' என்று சேருங்கள். 'எல்ஈஏ' கட்டளையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் அந்த அட்டவணை தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும், முகவரியை ஜிஓடி எனப்படும் முகவரி அட்டவணையிலிருந்து படித்தெடுக்கும்படி கட்டளையையே மாற்ற வேண்டும். அதற்கு ஒரு நினைவகப் படிப்பு கூடுதலாகச் செலவாகும்.

ஃபங்ஷன் அழைப்புகளில் இதே சிக்கல் சத்தமில்லாமல் நடக்கிறது. டிஃபால்ட் புலப்பாடுள்ள ஃபங்ஷனை லைப்ரரிக்குள்ளிருந்தே அழைத்தாலும், லிங்கர் பிஎல்டி என்ற இடைப்படியை உருவாக்கி அழைப்பை அதன் வழியே திருப்பிவிடும். நிரல் ஓடும், பிழை வராது, யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் அசெம்பிளி எழுதுகிறவர்கள் தங்கள் உள் ஃபங்ஷன்களுக்குச் சொந்த உடன்பாடு வைத்துக்கொண்டு, ஆர்11 ரிஜிஸ்டரில் ஒரு மதிப்பைக் கொடுத்து அழைப்பதுண்டு. பிஎல்டி வழியாகப் போகும் அழைப்பில் ஆர்11 அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஃபங்ஷனின் முகவரியை முதல் அழைப்பில்தான் தேடுவதால், முதல் அழைப்பில் மட்டும் தவறான விடை, அதன்பின் எல்லாம் சரி என்ற விசித்திரம் இப்படித்தான் பிறக்கும். அந்த ஃபங்ஷனை ஹிடன் ஆக்கினால் அழைப்பு நேராகப் போகும்.

கேள்வி: எங்கள் திட்டம் முழுவதற்கும் 'எஃப்விசிபிலிட்டி=ஹிடன்' ஃபிளாக் கொடுத்திருக்கிறோம். சி ஃபங்ஷன்கள் எல்லாம் மறைந்தன. அசெம்பிளி ஃபங்ஷன்கள் மட்டும் லைப்ரரிக்கு வெளியே இன்னும் தெரிகின்றன.

பதில்: ஜிசிசி கம்பைலரின் 4.0 பதிப்போடு 2005 ஆம் ஆண்டில் வந்த அந்த ஃபிளாக் கம்பைலருக்கான கட்டளை. அசெம்பிளி கோப்பை ஜிசிசி வழியாகவே கொடுத்தாலும், ப்ரீப்ராசசர் ஓடிய பிறகு அது நேரே அசெம்பிளரிடம் போய்விடுகிறது. அசெம்பிளருக்கு அந்த ஃபிளாக் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரே சிம்பலை வெவ்வேறு ஆப்ஜெக்ட் கோப்புகள் வெவ்வேறு புலப்பாட்டோடு குறிப்பிட்டால், அவற்றுள் மிகவும் கட்டுப்பாடானதையே லிங்கர் எடுத்துக்கொள்ளும்; பயன்படுத்தும் கோப்பு சொல்வதும் இந்தக் கணக்கில் சேரும். எனவே சி ஹெடரில் அந்த ஃபங்ஷனின் அறிவிப்புக்கு ஹிடன் பண்பைக் கொடுத்து, ஒரு சி கோப்பு அதை அழைத்தால், அசெம்பிளியில் ஒன்றும் எழுதாமலே அது மறைந்துவிடும். அந்த ஃபிளாகை மட்டும் நம்பினால் இது நடக்காது. வேறிடத்தில் வரையறுக்கப்பட்ட பெயர்களின் 'எக்ஸ்டர்ன்' அறிவிப்புகளை அந்த ஃபிளாக் தொடுவதில்லை. ஹெடரில் பண்பை நேரடியாக எழுத வேண்டும், அல்லது ஜிசிசியின் 'விசிபிலிட்டி புஷ்' ப்ராக்மாவால் அறிவிப்புகளைச் சூழ வேண்டும்.

இந்த விதியை அறிந்துவைத்திருங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஃபங்ஷனைத் தொடங்கும் வரிகளை ஒரு மேக்ரோவாக்கி, '.குளோபல்', '.ஹிடன்', '.டைப்' மூன்றையும் அதற்குள் வைத்துவிடுவதே நான் பரிந்துரைக்கும் முறை. வெளியே தெரிய வேண்டிய சிலவற்றுக்கு வேறொரு மேக்ரோ வையுங்கள். லினக்ஸ் கர்னலிலும் 'சிம்_ஃபங்க்_ஸ்டார்ட்', 'சிம்_ஃபங்க்_ஸ்டார்ட்_லோக்கல்' என்று இரண்டு மேக்ரோக்கள் இருப்பது இந்த வகைத் தேவைக்காகத்தான். எழுதும்போதே முடிவு செய்தாக வேண்டும் என்ற ஒழுங்கு அதனால் வருகிறது.

கேள்வி: ஒரே ஃபங்ஷனை ப்ரொஃபைலர் (நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் கருவி) ஐந்தாறு துண்டுகளாகக் காட்டுகிறது. சுழற்சி லேபிள்கள் எல்லாம் தனி ஃபங்ஷன்கள்போல் வருகின்றன.

பதில்: சாதாரண லேபிள்கள் லோக்கல் பிணைப்போடு சிம்பல் அட்டவணையில் ஏறிவிடுகின்றன. பெயரை '.எல்' என்று தொடங்கினால் அசெம்பிளர் அதை அட்டவணையில் ஏற்றாது. சிறு சுழற்சிகளுக்கு 1, 2 என்ற எண் லேபிள்களே போதும். நாஸ்மில் புள்ளியோடு தொடங்கும் லேபிள்கள் முந்தைய ஃபங்ஷனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அட்டவணையில் இருக்கவே செய்யும் என்பதால் அங்கே இந்த வழக்கத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். '.டைப்', '.சைஸ்' இரண்டையும் எழுதினால் ப்ரொஃபைலருக்கு எல்லை தெளிவாகும். ஆர்ம் அசெம்பிளியில் '@' குறி குறிப்புரையின் (கமென்ட்) தொடக்கம், அங்கே '.டைப்' வரியில் '%' குறியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலரில் வேலை செய்கிறேன். என் இன்டரப்ட் ஹேண்ட்லர் ஓடவே இல்லை; நிரல் ஒரு முடிவற்ற சுழற்சியில் போய் நிற்கிறது. இணைப்பில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

பதில்: ஹேண்ட்லரின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டெக்ஸ்-எம் வகை மைக்ரோகன்ட்ரோலர்களின் ஸ்டார்ட்அப் கோப்புகளில் ஒவ்வொரு ஹேண்ட்லரும் '.வீக்' என்று அறிவிக்கப்பட்டு, முடிவற்ற சுழற்சி மட்டுமே உள்ள ஒரு பொது ஹேண்ட்லருக்கு மாற்றுப்பெயராக அமைக்கப்படுவது வழக்கம். அதே பெயரில் நீங்கள் குளோபல் ஃபங்ஷன் எழுதினால் வீக் விலகி உங்களுடையது வரும். ஓர் எழுத்து மாறினாலும் உங்களுடையது யாரும் அழைக்காத தனி ஃபங்ஷனாகிவிடும்; வீக் தன் இடத்திலேயே இருக்கும். லிங்கர் பார்வையில் இதில் குறை ஏதும் இல்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை. சி++ கோப்பில் எழுதியிருந்தால் 'எக்ஸ்டர்ன் சி' விடுபட்டதா என்றும் பாருங்கள், அதன் விளைவும் இதேதான்.

வீக் பற்றி இன்னொரு எச்சரிக்கை: எங்கும் வரையறுக்கப்படாத வீக் பெயரின் முகவரி 0 ஆகும்; அழைப்பதற்கு முன் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் இருந்தாலும், வீக் குறிப்பு ஒன்றுக்காக மட்டும் லிங்கர் அந்த உறுப்பை வெளியே எடுக்காது.

கேள்வி: '.புரொடெக்டட்' பயன்படுத்தலாமா? வெளியேயும் தெரியும், உள்ளே அழைப்பும் நேராகப் போகும் என்று படித்தேன்.

பதில்: தத்துவத்தில் அப்படித்தான். நடைமுறையில், முக்கிய நிரல் அந்தத் தரவைத் தன்னிடம் நகலெடுத்து வைத்துக்கொள்ளும் காப்பி ரீலொகேஷனோடும், ஃபங்ஷன் முகவரிகளை ஒப்பிடும் நிரல்களோடும் அது மோதியிருக்கிறது. அதற்குப் பதிலாக '.செட்' மூலம் அதே இடத்துக்கு ஹிடனான இரண்டாவது பெயர் ஒன்று வைத்து, உள்ளே அதை அழைப்பதையே விரும்புகிறேன். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி காலங்காலமாகச் செய்துவருவதும் இந்த வகைதான்.

கேள்வி: விண்டோஸில் மாஸ்ம் அசெம்பிளர் பயன்படுத்துபவர்களுக்கு?

பதில்: அங்கே ஹிடன் என்ற நிலையே இல்லை. ஒரு டிஎல்எல்லிலிருந்து (விண்டோஸின் ஷேர்டு லைப்ரரி) எதை வெளியிட வேண்டும் என்று டெஃப் கோப்பிலோ லிங்கர் கட்டளையிலோ நீங்கள் சொன்னால்தான் வெளியே போகும். ஆனால் மாஸ்மில் 'ப்ராக்' என்று எழுதும் ஃபங்ஷன் இயல்பாகவே மற்ற ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குத் தெரியும். 'ஆப்ஷன் ப்ராக்:பிரைவேட்' என்று கோப்பின் தொடக்கத்தில் எழுதினால் இயல்பு மாறிவிடும்.

கேள்வி: நாங்கள் ஸ்டாட்டிக் லைப்ரரி ஒன்றை வெளியிடுகிறோம். உள் ஃபங்ஷன்களை எல்லாம் ஹிடன் ஆக்கியும், பயனர் ஒருவரின் ஃபங்ஷனோடு பெயர் மோதுகிறது. ஹிடன் வேலை செய்யவில்லையா?

பதில்: வேலை செய்கிறது, ஆனால் அதன் வேலை தொடங்கும் கட்டம் வேறு. ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் கோப்புகளின் கட்டு மட்டுமே. பயனர் இறுதியாக இணைக்கும்போது உங்கள் கோப்புகளும் அவருடைய கோப்புகளும் ஒரே கூட்டமாக லிங்கருக்குப் போகின்றன. அந்தக் கட்டத்தில் உங்கள் ஹிடன் பெயர்களின் பிணைப்பு குளோபல்தான். எனவே மோதுகின்றன.

ஆப்ஜெக்ட் கோப்பை 'ரீட்எல்ஃப்' கொண்டு பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். சிம்பலின் வரியில் அடுத்தடுத்து 'ஃபங்க்', 'குளோபல்', 'ஹிடன்' என்று மூன்று சொற்கள் இருக்கும். மோதலைத் தீர்மானிப்பது நடுவில் உள்ளது, மூன்றாவது அல்ல. ஷேர்டு லைப்ரரியாக இணைத்த பிறகு அதே சிம்பலைப் பாருங்கள், நடுச் சொல் 'லோக்கல்' என மாறியிருக்கும், டைனமிக் சிம்பல் அட்டவணையில் பெயரே இருக்காது.

தீர்வு இரண்டு படிகள் கொண்டது. லிங்கரின் 'ஆர்' ஆப்ஷனால் உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகள் அனைத்தையும் ஒரே ஆப்ஜெக்ட் கோப்பாக்குங்கள். பிறகு அதன் மேல் 'ஆப்ஜ்காப்பி' கருவியை 'லோக்கலைஸ்-ஹிடன்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஹிடனாக உள்ள எல்லாப் பெயர்களும் லோக்கலாகிவிடும். அந்த ஒரு கோப்பை மட்டும் லைப்ரரியில் வையுங்கள். எந்தப் பயனரும் ஒரே ஒரு ஃபங்ஷனைப் பயன்படுத்தினாலும் முழுக் கோப்பும் அவர் நிரலில் சேரும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. அது அதிகம் என்று பட்டால், உள் பெயர்கள் அனைத்துக்கும் லைப்ரரியின் பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பதே மிச்சமிருக்கும் வழி. முன்பே சொன்ன மேக்ரோவுக்குள் அந்த முன்னொட்டையும் வைத்துவிட்டால் ஃபங்ஷன் எழுதுகிறவர் அதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.