நீதிபதி ஓட்டு கேட்டு வந்தால் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் டெக்சாஸில் பிளேனோவில் இருக்கிறேன். சமீபத்தில்தான் குடியுரிமை வாங்கினேன். ஜனவரியில் எங்கள் பொங்கல் விழாவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். மாநிலத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நிற்கிறாராம். "வணக்கம்" சொன்னார், சர்க்கரைப்பொங்கல் சாப்பிட்டார், உங்கள் குடும்பம் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் குற்றவாளிகளிடம் கண்டிப்பாக இருக்கும் நீதிபதி வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினோம். மார்ச்சில் பிரைமரிக்கு, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றுத் தேர்தலுக்குப் போனபோது அவர் பெயர் சுத்தமாக மறந்துபோயிருந்தது. திரையில் இருந்ததில் சொல்லச் சுலபமான பெயரைத் தொட்டுவிட்டு வந்தேன்.

இப்படி வருபவர்களிடம் நாம் என்ன கேட்க வேண்டும்? நம் ஊரில் நீதிபதிகளே மூடிய அறைக்குள் உட்கார்ந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இதுதானே உண்மையான ஜனநாயகம்? இன்னொன்று, எனக்கு ஜூரி சம்மன் வந்திருக்கிறது, வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்காரக் கூப்பிடுகிறார்கள். ஆபீஸில் ரிலீஸ் நேரம். தவிர்க்க ஏதாவது வழி உண்டா?

ஆர்., பிளேனோ

*

அன்புள்ள ஆர்.,

2024 மார்ச்சில் உங்கள் மாநிலத்தில் அதே கோர்ட்டின் தலைமை நீதிபதி ஷாரன் கெல்லர் தோற்றார் என்ற செய்தியைப் படித்ததிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சோம்பல். உங்கள் கடிதம் வந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் நம் கொலீஜியத்தை இங்கே இழுக்க வேண்டாம். 2015இல் அதற்கு மாற்றாக வந்த நீதித்துறை நியமன ஆணையத்தை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தபோதே அதைப் பற்றி வேண்டிய மட்டும் சண்டை போட்டாகிவிட்டது. அங்கே கதவு மூடியிருக்கிறது என்பதால் இங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று ஆகிவிடாது. பெயர் பார்த்து ஓட்டுப் போட்டதற்காக ரொம்ப வெட்கப்படவும் வேண்டாம். 2016இல் இதே கோர்ட்டுக்கு ஸ்காட் வாக்கர் என்ற டாலஸ் வக்கீல் பெரிய பிரசாரம் எதுவும் செய்யாமலே ஜெயித்தார். அதற்கு முந்தைய வருடம் ஜனாதிபதி வேட்பாளராகக் களத்தில் இறங்கிப் பின்வாங்கிய விஸ்கான்சின் கவர்னரின் பெயரும் ஸ்காட் வாக்கர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் எங்கே வந்து உதவும் என்று யாருக்குத் தெரியும்!

நான் கோபப்படுவது நீங்கள் கைதட்டியதற்கு. அதைக் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் அந்தக் கோர்ட் எது என்று பார்ப்போம். டெக்சாஸில் உச்ச நீதிமன்றம் இரண்டு. சிவிலுக்கு ஒன்று, கிரிமினலுக்கு ஒன்று. அமெரிக்காவில் ஓக்லஹோமாவைத் தவிர வேறெங்கும் இந்த ஏற்பாடு கிடையாது. கிரிமினல் பக்கத்துக் கோர்ட் ஆஸ்டினில் இருக்கிறது, ஒன்பது நீதிபதிகள், ஆறு வருடப் பதவி. மரண தண்டனை என்றால் நடுவில் வேறு கோர்ட்டே கிடையாது, அப்பீல் நேராக இங்கேதான் வரும். இந்த ஒன்பது பேரும் கட்சிப் பெயரோடு நின்று, 254 கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி), தமிழ்நாட்டைப்போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கும் நிலப்பரப்பில் ஓட்டு வாங்கி வர வேண்டும். அதற்குப் பணம் யார் கொடுப்பார்கள்? சிவில் கோர்ட்டுக்கு நிற்பவருக்குப் பெரிய வக்கீல் நிறுவனங்கள் கொடுக்கும், அவர்களுக்கு அங்கே வழக்கு இருக்கிறது. கிரிமினல் கோர்ட்டில் வழக்கு இருப்பது ஜெயிலில் இருப்பவனுக்கு. அவனிடம் காசு இல்லை, பெரும்பாலும் அவன் வக்கீலையே கோர்ட்தான் நியமித்திருக்கும். ஓட்டும் இல்லை. டெக்சாஸில் பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் சிறை, பரோல் எல்லாம் முடிக்கும்வரை ஓட்டுப் போட முடியாது. ஆக, அந்தக் கோர்ட் யாருக்காக இருக்கிறதோ அவன் பந்தலிலேயே இல்லை. பந்தலில் இருப்பது சர்க்கரைப்பொங்கல் தட்டோடு நீங்கள்தான். உங்களிடம் அவர் வேறு என்ன பேசுவார்? கண்டிப்பு என்பார். கண்டிப்புக்குச் செலவு கிடையாது, கேட்பவர் யாருக்கும் அது வலிக்கவும் வலிக்காது.

ஆனால் அப்பீல் கோர்ட் நீதிபதிக்குக் கண்டிப்பு என்றால் என்ன அர்த்தம்? அவர் திருடனைப் பிடிப்பதில்லை. சாட்சியை விசாரிப்பதில்லை. பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளியின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். கீழ்க்கோர்ட்டில் நடந்த விசாரணையின் காகிதக் கட்டு ஒன்று அவர் முன்னால் வரும், அதில் தப்பு நடந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. போலீஸ் சட்டப்படி சோதனை போட்டதா, ஜூரிக்கு ஜட்ஜ் சரியாக விளக்கினாரா, ஆஜரான வக்கீல் தூங்காமல் இருந்தாரா. இந்த வேலைக்கு வருகிற ஆள் முன்கூட்டியே "நான் கண்டிப்பானவன்" என்று மேடையில் சொல்வது, கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர் நோட்டைப் பிரிப்பதற்கு முன்பே "நான் தப்பு எதுவும் கண்டுபிடிக்க மாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்வது மாதிரி. நீங்கள் கைதட்டியது அதற்குத்தான். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதைத் திரும்பத் திரும்பத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: இன்ன வழக்கில் இப்படித் தீர்ப்பளிப்பேன் என்று அவர் வாக்குக் கொடுக்க முடியாது. கருத்து சொல்லலாம். 2002இல் மினசோட்டா வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே, நீதிபதி வேட்பாளர் சட்டப் பிரச்சினைகளில் தன் கருத்தைச் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. அதனால் வாக்குறுதியைக் கருத்து மாதிரி மடித்துக் கொடுக்கிறார்கள். வாங்குகிற நமக்கு மட்டும் புரியாதா என்ன?

1994இல் இதே கோர்ட்டுக்கு நின்றவர் ஸ்டீபன் மான்ஸ்ஃபீல்ட் என்று ஒருவர். இன்ஷூரன்ஸ், வரி வழக்குகள் பார்த்த வக்கீல். மரண தண்டனையை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும், வீண் அப்பீல் போடும் வக்கீல்களைத் தண்டிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தார். குற்றவியல் சட்டத்தில் தனக்கு இருந்த அனுபவத்தை ஊதிப் பெருக்கிச் சொன்னார். எதிரே நின்றது பதவியிலிருந்த நீதிபதி, முன்னாள் அரசு வழக்கறிஞர். ஜெயித்தது மான்ஸ்ஃபீல்ட். அதே வருடம் வந்தவர்தான் கெல்லர், அந்தக் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி. அரசுத் தரப்பின் கண்ணால் பார்ப்பவள் நான் என்று ஒளிக்காமல் சொல்லியே ஓட்டு கேட்டார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. 1998இல் ஒரு வழக்கு, 99 வருடத் தண்டனை பெற்ற ஒரு மரம்வெட்டித் தொழிலாளி, டிஎன்ஏ சோதனை அவனோடு பொருந்தவில்லை. புதிய விசாரணை கிடையாது என்ற பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கெல்லர். 2000இல் கவர்னர் ஜார்ஜ் புஷ் அந்த ஆளுக்கு மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். கெல்லர் என்ன ஆனார்? அதே 2000 தேர்தலில் அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஆனார்.

அப்புறம் 2007 செப்டம்பர் 25. மைக்கேல் ரிச்சர்டுக்கு அன்று சாயங்காலம் தண்டனை நிறைவேற வேண்டும். 1986இல் ஒரு நர்ஸைக் கொன்றவர், நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. அன்று காலைதான் விஷ ஊசி முறை சரியா என்ற கென்டக்கி வழக்கை சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கொண்டது. அதை வைத்து மனு தயாரிக்க வக்கீல்கள் ஓடினார்கள், கம்ப்யூட்டர் கோளாறு, தாமதம். கொஞ்ச நேரம் ஆபீஸைத் திறந்து வைக்க முடியுமா என்று போனில் கேட்டார்கள். ஐந்து மணிக்கு மூடிவிடுவோம் என்பது கெல்லரிடமிருந்து வந்த பதில். அன்றைய மனுக்களைப் பார்க்கும் பொறுப்பு வேறொரு நீதிபதிக்கு, அவரிடம் யாரும் சொல்லவேயில்லை. அன்றிரவே ஊசி போட்டுவிட்டார்கள். நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் கமிஷன் 2010இல் கெல்லருக்கு எச்சரிக்கை கொடுத்தது, சில மாதத்தில் அதுவும் ரத்தானது. வக்கீல்கள் மேலும் தப்பு உண்டு என்று சொன்னவர்கள் உண்டு, இருக்கலாம். 2012இல் மறுபடி ஜெயித்தார். 2018இலும்.

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. கிரிமினல் பக்கம் மட்டும் பார்க்கும் ஒரு வக்கீலிடம் திருநெல்வேலியில் வேலை. மதுரைக் கிளை வருவதற்கு முந்தைய காலம், அப்பீல் என்றால் மெட்ராஸ்தான். கட்டைத் தானே தைப்பார், கோணி ஊசியும் வெள்ளை நூலுமாக ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து. குறை சொல்லி ரிட்டர்ன் போட்டுவிடுவார்கள் என்ற பயம், அதனால் பையில் வெற்றுத்தாள், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பசை எல்லாம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்திலிருந்து அம்மாக்கள் வருவார்கள், ஆயுள் வாங்கியவனின் அம்மா, பெண்டாட்டி. ஒரே கேள்விதான். "பெரிய கோர்ட்டுல நம்பர் ஆயிட்டா அண்ணாச்சி?" ஜாமீன் கிடைக்குமா, விடுதலை ஆகுமா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். நம்பர் ஆகிவிட்டால் யாரோ ஒருவர் படிக்கப் போகிறார் என்று அர்த்தம், அவர்களுக்கு அது போதும். ஒரு தடவை மெட்ராஸில் மழை, ரயில் தாமதம், அப்பா போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர் கதவைப் பாதி இறக்கிவிட்டார்கள். உள்ளேயிருந்த மனிதர் திட்டிக்கொண்டே, "ஏன்யா கடைசி நாள்வரைக்கும் என்ன பண்ணீங்க" என்று கத்திக்கொண்டே, கதவுக்குக் கீழே கையை நீட்டிக் கட்டை வாங்கிக்கொண்டாராம். அப்பா அந்தத் திட்டை அப்படியே நடித்துக் காட்டுவார், அவ்வளவு சந்தோஷமாக. எந்த நீதிபதியைப் பற்றியும் அப்பா அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. கெல்லர் கதையைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கைதான். அந்த மனிதர் யாரிடமும் ஓட்டு கேட்க வேண்டியதில்லை, வேண்டாதவனுக்கு உதவினான் என்று யாரும் அவரைப் போஸ்டர் அடித்துத் தோற்கடிக்க முடியாது.

சரி, கெல்லர் எப்படித் தோற்றார்? இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில், மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல், தேர்தல் குற்ற வழக்குகளைத் தன்னிச்சையாக நடத்த முடியாது, உள்ளூர் அரசு வழக்கறிஞர் அழைத்தால்தான் உண்டு என்று இந்தக் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. எட்டுக்கு ஒன்று. ஒன்பது பேரும் ரிபப்ளிகன்கள். அரசியல் சட்டத்தில் அதிகாரப் பிரிவினை பற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் சும்மா இருப்பாரா? அந்த எட்டுப் பேரில் கெல்லர், பார்பரா ஹெர்வி, மிஷெல் ஸ்லாட்டர் மூவருக்கும் 2024இல் தேர்தல். பாக்ஸ்டன் அவர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார், பிரைமரியிலேயே மூவரும் தோற்றார்கள். கெல்லர் முப்பது வருடம் இருந்தார். டிஎன்ஏ அவரைத் தோற்கடிக்கவில்லை, ஐந்து மணி தோற்கடிக்கவில்லை, சொந்தக் கட்சிக்காரருக்குப் பிடிக்காத ஒரு தீர்ப்பு தோற்கடித்தது. கெல்லருக்காக நான் வருத்தப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை, ஆனால் அன்று வருத்தப்பட்டேன். மீதியுள்ள நீதிபதிகள் செய்தித்தாள் படிக்கிறவர்கள்தானே.

இதுதான் உண்மையான ஜனநாயகமா என்கிறீர்கள். கலிபோர்னியாவில் 1986இல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் இன்னும் இரண்டு பேரையும் மரண தண்டனைத் தீர்ப்புகளைச் சொல்லி ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே கவர்னர் நியமிப்பார், மக்கள் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்வார்கள், அப்படியிருந்தும் இது நடந்தது. முறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் நண்பர்களோடு எனக்குச் சண்டை உண்டு, அது இன்னொரு நாள்.

நீங்கள் கேட்ட கேள்வி பாக்கியிருக்கிறது இல்லையா? அடுத்த பொங்கலுக்கு யாராவது வந்தால் மரண தண்டனை பற்றிக் கேட்காதீர்கள், மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். உங்களுக்குத் துளியும் பிடிக்காத ஒரு ஆளின் பக்கம் சட்டம் இருந்து, அவனுக்குச் சாதகமாக நீங்கள் வாதாடிய அல்லது எழுதிய வழக்கு ஏதாவது உண்டா, அதைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உண்டு என்று விவரத்தோடு சொன்னால் பெயரை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மழுப்பினால் இன்னொரு கரண்டி பொங்கல் போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஜூரி சம்மன் விஷயத்துக்கு வருகிறேன். தவிர்க்க வழி கேட்கிறீர்கள், அதுவும் என்னிடம்! ஆபீஸில் ரிலீஸ் என்பது காரணமே இல்லை, ஜூரிக்குப் போனதற்காக உங்களை வேலையை விட்டு நீக்கவும் அந்த மாநிலச் சட்டம் விடாது. ஐந்து மடங்கு தமிழ்நாட்டுக்கு ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் பங்கு லட்சக்கணக்கில் ஒன்று. பெரிய கிரிமினல் வழக்கின் ஜூரியில் நீங்கள் பன்னிரண்டில் ஒருவர். டெக்சாஸில் குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் தண்டனை எவ்வளவு என்பதையும் ஜூரியே முடிவு செய்யும். ஆஸ்டினுக்குப் பின்னால் போகிற கட்டு உங்கள் மாதிரி ஆட்கள் உட்காரும் அந்த அறையிலிருந்துதான் கிளம்புகிறது. உங்களைத் தேர்ந்தெடுப்பார்களோ மாட்டார்களோ, முதலில் போய் உட்காருங்கள். மேனேஜரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், கடைசி நாள்வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.