ரிபப்ளிகன் மாநிலத்துக்குக் குடிபோனால் விசாவுக்கு ஆபத்தா?

கேள்வி: சான் ஹோசேயில் இருக்கிறோம். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். மனைவி எச்4 (எச்1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) ஒர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது. மகளுக்கு ஆறு வயது, இரண்டாவது குழந்தை பற்றியும் யோசிக்கிறோம். இங்கே வாடகை கட்டி மாளவில்லை. டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிற நண்பர்கள் டெக்சாஸுக்கு வரச் சொல்கிறார்கள். கம்பெனியும் டாலஸ் ஆபீசுக்கு மாற்றித் தரத் தயார். ஆனால் என் அண்ணன், "அது ரிபப்ளிகன் மாநிலம், இந்த நேரத்தில் அங்கே போனால் விசாவுக்கும் ஆபத்து, குடும்பத்துக்கும் ஆபத்து" என்கிறார். என்ன செய்வது?

பதில்: விசாவைப் பற்றி உங்கள் அண்ணன் பயப்படத் தேவையில்லை. எச்1பி, எச்4, கிரீன் கார்டு மூன்றுமே வாஷிங்டன் சமாச்சாரம். கலிஃபோர்னியா கவர்னர் உங்கள் விசாவைக் காப்பாற்றவும் முடியாது, டெக்சாஸ் கவர்னர் பறிக்கவும் முடியாது. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்களே, அது சான் ஹோசே கம்பெனிக்கும் டாலஸ் கம்பெனிக்கும் ஒன்றுதான். வேலை வழியாக ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு, எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற கணக்கு 1990 சட்டத்தில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டுவிட்டன. யாரும் அதைத் தொடவில்லை. வரிசையில் நிற்கிற இந்தியர்களுக்கு நரை விழுந்துகொண்டிருக்கிறது. இதில் எந்தக் கட்சி மாநிலத்தில் நின்றால் என்ன?

உங்கள் விசாவுக்கு உண்மையில் சிக்கல் வருவது வேறு இடத்திலிருந்து. உங்கள் எச்1பி சான் ஹோசே பணியிடத்துக்குக் கொடுக்கப்பட்டது. பணியிடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால் கம்பெனி முதலில் அமெண்ட்மெண்ட் மனு போட வேண்டும். 2015-இலிருந்து இதுதான் நிலைமை. வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலும் அந்த வீடுதான் பணியிடம். "மேனேஜர் சரி என்றுவிட்டார், ஹெச்ஆர் பிறகு பார்த்துக்கொள்ளும்" என்று லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான் எங்கள் ஆபீசுக்கு அழுதுகொண்டு வருகிறார்கள். மனு போய்ச் சேர்ந்ததற்கான ரசீது நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். குடிபோன 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைத் தெரிவியுங்கள். மனைவியும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

கிரீன் கார்டு கதை இன்னும் கொடுமை. பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழும் (விளம்பரம் செய்தும் அந்த வேலைக்கு அமெரிக்க ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி வாங்குவது) ஊரோடு கட்டப்பட்டது. நிரந்தரமாக டாலஸ் என்றால் பெரும்பாலும் பெர்ம், ஐ-140 இரண்டையும் கம்பெனி மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். அதே ஆள், அதே வேலை, அதே கம்பெனி. ஊர் மாறியதற்காக மறுபடி விளம்பரம், மறுபடி வருடக்கணக்கில் காத்திருப்பு. யாருக்கு இதனால் லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு: ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டதால் பழைய முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடம், கையில் நிற்கும். புது பெர்முக்குக் கம்பெனி சம்மதிக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

அடுத்து ரியல்டர்கள், அதாவது வீட்டு ஏஜெண்டுகள். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அரசியல் பயத்தையும் அரசியல் ஆசையையும் காசாக்குகிற கூட்டம் இது. டெமாக்ரட் ஆட்சி பிடிக்காதவர்களைக் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் கூட்டிவருவதையே தொழிலாகச் செய்கிறார்கள். நம் ஆட்களிடம் அதே சரக்கு வேறு லேபிளில் வருகிறது: "இந்த ஏரியா முழுக்க நம்ம ஜனங்க, பயமே இல்லை." இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வாங்குபவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவது 1968 வீட்டுவசதிச் சட்டத்துக்கு விரோதம். நம் மொழியில் பேசுகிறார் என்பதற்காக அது மாறாது. 2024 ஆகஸ்டிலிருந்து வீடு காட்டும் முன்பே ஏஜெண்டுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். எத்தனை மாதம், எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் போடாதீர்கள்.

அவர்கள் காட்டும் பெரிய தூண்டில் "டெக்சாஸில் வருமான வரி இல்லை" என்பது. உண்மைதான். 2019-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தப் பணத்தை வீட்டு வரியில் வாங்கிக்கொள்கிறார்கள். 6 லட்சம் டாலர் வீடு, மொத்த வரி 2.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 13,200 டாலர். சொந்த வீட்டுச் சலுகை கொஞ்சம் குறைக்கும். எச்1பி என்றாலும் அது கிடைக்கும், மறக்காமல் விண்ணப்பியுங்கள். வலி எங்கே என்றால், டெக்சாஸில் ஜனவரி 1 அன்று மனை எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான் அந்த ஆண்டு வரி. அன்று வெறும் மண்ணாக, 1 லட்சம் டாலர் மதிப்பில் இருந்தால் வரி 2,200. பில்டர் ஆள் அந்தத் தொகையை வைத்து மாதத் தவணை காட்டுவார். மறுவருடம் முழு வீட்டுக்கும் வரி வரும், வரிக்காகக் கடன் கொடுத்தவர் பிடித்து வைக்கிற எஸ்க்ரோ கணக்கில் துண்டு விழும். அந்தத் துண்டையும் புது வரியையும் சேர்த்து மாதத் தவணை 1,500 டாலருக்கு மேல் எகிறிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். புது காலனி என்றால் எம்யுடி (குடிநீர், சாக்கடை வசதிக்கானது), பிஐடி (காலனி மேம்பாட்டுக்கானது) என்று கூடுதல் வசூல் உண்டா என்றும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் டெக்சாஸின் பிளேனோவில் இந்தியப் பெண்களை ஒருத்தி நிறவெறியோடு திட்டி அடித்தாள், மறுநாளே கைதானாள். அதே மாதம், உங்கள் சான் ஹோசேக்குப் பக்கத்து ஃப்ரீமாண்டில் ஓர் இந்தியரை மதத்தைச் சொல்லித் திட்டிய சம்பவம் நடந்தது, வெறுப்புக் குற்ற வழக்கானது. ஒன்று ரிபப்ளிகன் மாநிலம், ஒன்று டெமாக்ரட் மாநிலம். மாநிலத்தின் நிறம் பார்ப்பதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. 2024 அதிபர் தேர்தலில் ஃப்ரிஸ்கோ இருக்கிற காலின், டெண்டன் கவுண்டிகள் டிரம்புக்கு வாக்களித்தன. ஒட்டியிருக்கிற டாலஸ் கவுண்டி டெமாக்ரட் வேட்பாளர் ஹாரிஸுக்கு வாக்களித்தது. கலிஃபோர்னியாவுக்குள்ளேயே பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் போனால் டிரம்ப் பலகைகள்தான். மகளின் பள்ளிக்கு ஐஎஸ்டி (பள்ளி மாவட்டம்) எல்லையைப் பாருங்கள். பிளேனோ முகவரியில் இருக்கிற சில வீடுகள் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டியில் வருகின்றன. வகுப்பறையில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று 2025-இல் டெக்சாஸில் சட்டம் வந்தது, உடனே வழக்கும் வந்தது. அந்தப் பள்ளியில் இன்று என்ன நடக்கிறது என்று அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரிடம் கேளுங்கள்.

மாநில அரசியல் நேராக உங்கள் வீட்டுக்குள் வருகிற இடம் ஒன்று உண்டு: இரண்டாவது குழந்தை. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. டெக்சாஸில் தாயின் உயிருக்கோ உடலின் முக்கிய இயக்கத்துக்கோ ஆபத்து என்றால் ஒழிய அனுமதி இல்லை. பாலியல் வன்முறைக்கோ, கருவின் தீராத குறைபாட்டுக்கோ விலக்கு கிடையாது. மீறிய மருத்துவருக்கு ஆயுள் சிறை வரை போகலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், லைசென்ஸும் போகும். கரு இறந்த பிறகு அகற்றுவதும், கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிய கருவுக்கான சிகிச்சையும் கருக்கலைப்புக் கணக்கில் வராது. சிக்கல் நடுவில்தான்: பனிக்குடம் சீக்கிரமே உடைந்துவிட்டது, குழந்தை பிழைக்காது, ஆனால் இதயத் துடிப்பு இருக்கிறது. இந்த நிலையில் மருத்துவர்கள் வக்கீலைக் கேட்டுக்கொண்டு தாமதித்த கதைகள் வெளிவந்த பிறகுதான் 2025-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆபத்து தலைக்கு மேல் வரும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறது அது. எழுத்தில் இருப்பது நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் நடக்குமா என்பது அந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தது. மனைவிக்கு முன்பு கரு கலைந்திருந்தாலோ, ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தாலோ, வயது 35-ஐத் தாண்டியிருந்தாலோ, இப்போதைய டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். குழந்தை பிறந்த பிறகு குடிபோகலாமா என்றும் யோசியுங்கள். இந்த முடிவில் மனைவியின் குரல் முதலில் வரட்டும். அண்ணனுக்கோ நண்பர்களுக்கோ இதில் வேலையில்லை.

போவதென்று முடிவானால் கடைசியாக ஒன்று. 90 நாளுக்குள் டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் அமெரிக்கக் குடிமகனா, வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்டிருக்கும். அவசரத்தில் "ஆம்" என்று டிக் போட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாகக் கிரீன் கார்டே கைவிட்டுப் போகலாம். கலிஃபோர்னியாவிலும் 2018-இல் டிஎம்வி (டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம்) செய்த குளறுபடியில் சுமார் 1,500 பேர் தவறாக வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள், குடிமக்கள் அல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். கவுண்டரில் இருப்பவர் "நானே நிரப்புகிறேன்" என்றாலும் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் அவரவர் கையால் "இல்லை" என்று போட்டு, படிவத்தை போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே நீட்டுங்கள்.