அந்தக் குரங்குகளைப் பற்றி – கடிதம்

அண்ணா வணக்கம்,

சின்ன வயதில் ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ‘லயன் கிங்’ கேம் ஆடியிருக்கிறேன். இப்போது பையனுக்கு அதையே வாங்கிக் கொடுத்தால் இரண்டாவது லெவலிலேயே அழுகிறான். அந்தக் காலத்து கேம் என்றால் அப்படித்தான், கஷ்டம்தான் அதன் தரம் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

எஸ்., அஸ்தம்பட்டி

அன்புள்ள எஸ்.,

பாதிதான் சரி. தரம் உண்டு, ஆனால் கஷ்டத்தில் இல்லை.

1994இல் வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ் செய்த கேம் அது. கதாநாயகனான சிங்கக்குட்டி சிம்பாவின் அசைவுகளை டிஸ்னி அனிமேட்டர்களே வரைந்து கொடுத்தார்கள், அது பார்த்தாலே தெரியும். பாறை விளிம்பை முன்னங்கால்களால் பிடித்துத் தொங்கி, உந்தி மேலே ஏறுகிறானே, அதில் குட்டிச் சிங்கத்தின் எடை தெரியும். கர்ஜிக்கிறேன் என்று வாயைத் திறந்தால் கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். மொத்தம் 10 லெவல், கடைசி நான்கில்தான் வளர்ந்த சிம்பா, அப்போது அதே பட்டனுக்கு வரும் கர்ஜனையைக் கேட்கவே அதுவரை போராடலாம். சினிமாப் பெயரை ஒட்டி விற்றால் போதும் என்று வந்த கேம்களுக்கு நடுவில் இவ்வளவு அக்கறை அபூர்வம்.

இனி உங்கள் பையனை அழவைக்கும் இரண்டாவது லெவலின் அந்தக் குரங்குகள். ஒரு குரங்கு சிம்பாவைப் பிடித்து அடுத்ததிடம் வீசும், அது இன்னொன்றிடம். எந்தக் குரங்கைப் பார்த்துக் கர்ஜித்தால் எது திரும்பும், திரும்பினால் நம்மை எங்கே கொண்டு போய்ப் போடும் என்பதற்குத் திரையில் ஒரு துப்பும் கிடையாது, போதாக்குறைக்கு கர்ஜனை மீட்டர் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் நெருப்புக்கோழி சவாரி, கண் பார்த்துக் கை அழுத்துவதற்குள் முட்டி விழுந்திருப்பீர்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்து எண் போட்டிருக்கிறார்கள். இங்கே விழுந்த பிறகுதான் வளைவு இருந்ததே தெரியும்.

இது திறமையைச் சோதிக்க வைத்ததும் இல்லை. அமெரிக்காவில் அப்போது கேமை வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்து, வார இறுதியில் ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் முடித்துவிட்டால் முழு விலை கொடுத்து எவன் வாங்குவான்? அதனால் ஆரம்பத்திலேயே கடினமாக்கச் சொல்லி டிஸ்னி தரப்பில் கேட்டார்கள் என்று வெஸ்ட்வுட்டின் லூயிஸ் காசில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நம் ஊரில் கணக்கு வேறு. அங்கே வாடகைக் கடையைச் சமாளிக்க வைத்த குரங்குகள் இங்கே சென்டர்காரருக்கு மணிக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்தன, நீங்களும் நானும் கொடுத்த காசு அது. அதற்குத் தரம் என்று பெயர் வைத்துப் பையனிடம் சொல்ல வேண்டுமா?

நியாயமான கஷ்டமும் இதே கேமில் இருக்கிறது. நான்காவது லெவலில் வைல்டுபீஸ்ட் (ஆப்பிரிக்க மான் வகை) கூட்டம் நம்மை நோக்கிப் பாய்கிறதே, அங்கே செத்தாலும் ஏன் செத்தோம் என்று தெரியும், அடுத்த முறை கொஞ்சம் கூடுதல் தூரம் போகலாம். அங்கே அவனை விட்டுவிடுங்கள், அழுதாலும் சரி.

குரங்குகளுக்கு மட்டும் வேறு வழி. ‘அலாதீன்’ கேமையும் சேர்த்து 2019இல் மறுவெளியீடு செய்தார்கள், அதில் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு. நீங்கள் வாங்கியது அதுதான் என்றால் தாராளமாக ஓட்டட்டும். ஏமாற்று வேலை என்று பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுக்காதீர்கள்.

அப்புறம், கடைசி லெவலில் வில்லன் ஸ்காரை அடித்துக்கொண்டே இருந்தால் களைப்பானே தவிர சாக மாட்டான். மலை விளிம்பில் வைத்துத் தூக்கி எறிய வேண்டும், இதையும் கேம் சொல்லித் தராது. அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எந்த பட்டன் என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.