திரும்பி வந்த தம்பி

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அனிமே என்னும் ஜப்பானிய அசைபடத் தொடர்களுக்கு மகிழ்ச்சியான முடிவு பொருந்துமா, சோகமான முடிவு பொருந்துமா, இரண்டும் கலந்ததா என்று எங்கள் விடுதியில் ஒரு மாதமாக விவாதம் நடக்கிறது. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முடிவில் நாயகன் எரென் இறந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. என் தோழியோ, மகிழ்ச்சியான முடிவு ரசிகருக்குத் தரப்படும் லஞ்சம், சோகத்தில் முடிவதுதான் முதிர்ந்த கலை என்கிறாள். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ கதைக்கு இரண்டு தொடர்கள் உண்டு அல்லவா? 2003இல் வந்ததன் சோக முடிவே உயர்ந்தது, பிறகு வந்த ‘பிரதர்ஹுட்’ எல்லாவற்றையும் எளிதாகச் சரிசெய்துவிடுகிறது என்பது அவள் கட்சி. எனக்கு பிரதர்ஹுட்தான் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. முடிவைப் படைப்பாளிகள் முதலிலேயே தீர்மானித்துவிடுகிறார்களா என்றும் அறிய ஆசை.

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் திருப்பூரில் தம்பி வீட்டில் இருந்தேன். அவன் மகள் பிரதர்ஹுட் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயங்களை அவளோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். எனக்கு அது மூன்றாவது முறை. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இன்னும் அந்தத் தொடர்களைப் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முடிவுகளைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது.

எரென் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அவன் செய்தவற்றுக்குப் பிறகு, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் வெயில் காய்ந்தபடி அவன் வயதாவதை உங்களாலேயே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முடிவை முதலிலேயே தீர்மானிக்கிறார்களா? சிலர் தீர்மானிக்கிறார்கள். பல நேரம் தொலைக்காட்சி தீர்மானிக்கிறது. 1979இல் தொடங்கிய ‘மொபைல் சூட் குண்டம்’ 52 அத்தியாயங்களுக்குத் திட்டமிடப்பட்டு, பார்ப்பவர்கள் போதவில்லை என்று 43இல் நிறுத்தப்பட்டது. இயக்குநர் தொமினோ யோஷியுகி கிடைத்த இடத்துக்குள் கதையில் நடக்கும் போரை முடித்துக் கொடுத்தார். அந்த முடிவு இன்றும் நிற்கிறது. இது போதும்.

உங்கள் தோழிக்கு வருகிறேன். லஞ்சம் என்ற சொல் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. உங்கள் மூலமாகவே அவருக்கு இதைச் சொல்கிறேன். அழ வைத்துவிட்டதால் ஒரு கதை ஆழமானது என்று நினைப்பது சோம்பல். அழ வைப்பது எளிது. பார்ப்பவர் ஓராண்டாக நேசித்த ஒருவரைக் கடைசி வாரத்தில் கொன்றுவிட்டு, பின்னால் பியானோ ஒலிக்கவிட்டால் யாரும் அழுவார்கள். அந்த மரணத்தால் கதைக்குள் இருக்கும் யாருடைய வாழ்க்கை மாறியது, யார் தலை குனிந்தார்கள் என்று கேளுங்கள். விடை இல்லாவிட்டால் அங்கே நடந்தது ஏமாற்று.

சோக முடிவுக்கு நான் எதிரி இல்லை. ஜப்பானில் 1975ஆம் ஆண்டு முழுவதும், ஞாயிறுதோறும், 52 வாரங்கள் ஒளிபரப்பான ‘ஃபிளாண்டர்ஸின் நாய்’ என்ற தொடரைத் தேடிப் பாருங்கள். ஊயிடா என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கில எழுத்தாளரின் 1872ஆம் ஆண்டுக் கதை அது. நெல்லோ என்ற ஏழைச் சிறுவன். பால் வண்டி இழுக்கும் பத்ராஷ் என்ற நாய். காற்றாலைக்குத் தீ வைத்தவன் என்று ஊர் அவன்மேல் பழி போடுகிறது. பால் கொடுப்பவர்கள் நின்றுபோகிறார்கள். தாத்தா இறக்கிறார். வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறான். பழி சுமத்திய அதே ஆலைக்காரரின் பணப்பை பனியில் கிடைக்கிறது. அதை அவர் வீட்டில் சேர்த்துவிட்டுப் பசியோடு இருளில் நடக்கிறான். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் ரூபன்ஸ் வரைந்த ஓவியங்களைக் காசு கொடுத்தவர்களுக்குத்தான் திரை விலக்கிக் காட்டுவார்கள். அன்று இரவு திரை விலகியிருக்கிறது. நாயை அணைத்தபடி அந்த ஓவியத்தின் முன்னால் குளிரில் இறந்துபோகிறான். மன்னிப்புக் கேட்க ஊர் ஓடி வரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. இன்று அந்தப் பேராலயத்தின் முன்னால், தெருக்கல்லையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு பையனும் நாயும் தூங்குவது போன்ற வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கிறது, 2016இல் வைத்தார்கள். ஜப்பானிலிருந்து அந்த ஊரைத் தேடிப் போகிறவர்களின் நினைவில் இருப்பது இந்தச் சிறுவன்தான்.

அந்தச் சோகத்தை நான் மதிப்பதற்குக் காரணம் உண்டு. நெல்லோ போய்விட்டான். கதவைச் சாத்தியவர்கள் இருக்கிறார்கள். திருத்திக்கொள்ள வழியே இல்லாமல் இருக்கிறார்கள். தவறு செய்தவன் மிஞ்சுகிறான். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ கதையின் எல்ரிக் சகோதரர்களிடம் வாருங்கள்.

அந்தக் கதைக்கு மூலமான அரகாவா ஹிரோமுவின் மாங்கா, அதாவது படக்கதை, 2001இல் தொடங்கியது. 2003இல் முதல் தொடர் வந்தபோது அவர் கதையை முடித்திருக்கவில்லை. முடிவைத் தொடர்க்குழுவே உருவாக்கிக்கொண்டது. மாங்கா முடிவுக்கு வந்த 2010இல் அதே போன்ஸ் நிறுவனம் எடுத்த பிரதர்ஹுட் 64 அத்தியாயங்களோடு முடிந்தது. ஒரே கதை, ஒரே பிள்ளைகள், இரண்டு முடிவுகள். இறந்த அம்மாவை ரசவாதத்தால் மீட்கப் பார்த்ததில் மூத்தவன் எட்வர்டுக்கு ஒரு கால் போயிற்று. இளையவன் ஆல்ஃபோன்ஸுக்கு உடல் முழுவதும் போயிற்று. தன் வலது கையைக் கொடுத்து, தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்துக்குள் அண்ணன் பிடித்துவைத்தான். சாப்பிட முடியாத, தூங்க முடியாத கவசம். அப்போது எட்வர்டுக்கு வயது பதினொன்று.

எனக்கும் பதினோரு வயது. தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். 1979 கோடை. கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போயிருந்தது. மேட்டுக்கல்லில் இருந்து பெரிய பையன்கள் குதிப்பார்கள்; நானும் குதித்திருந்தேன். தம்பிக்கு எட்டு வயது. பயந்துகொண்டு நின்றான். “நீயெல்லாம் என் தம்பி என்று வெளியே சொல்லாதே” என்றேன். குதித்தான். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் விழுந்தான்.

தொடை எலும்பும் இடுப்பும் முறிந்து நான்கு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பானாம். கவசத்துக்குள் இருக்கும் ஆல், உடல் கிடைத்ததும் சாப்பிட வேண்டியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் இடம் வரும்போதெல்லாம் நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். அந்த நான்கு மாதமும் நான் அம்மாயி வீட்டில் இருந்தேன். தினமும் கருப்பண்ணன் கோயிலுக்குப் போய், என் காலை எடுத்துக்கொண்டு அவன் காலைக் கொடு என்று கேட்டேன். ஒன்றைப் பெற அதற்குச் சமமான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற ரசவாத விதியை அந்தத் தொடர் எனக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அவன் திரும்பி வந்தான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றில் செருகியிருந்தார்கள். வலது கால் இரண்டு அங்குலம் குட்டை. வாசலில் ஆரத்தி எடுத்தார்கள், கோழி அடித்தார்கள், ஊரே வந்து பார்த்தது. உங்கள் தோழி சொல்லும் மகிழ்ச்சியான முடிவு அதுதான். நான் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்திருந்தேன்.

2003 தொடரை நான் 2006இல் பார்த்தேன். நண்பர் ஒருவரின் மகன் குறுவட்டுகளில் கொடுத்தான். அதன் முடிவில் தம்பிக்காக எட்வர்ட் தன்னையே கொடுத்துவிட்டு வேறோர் உலகத்தில், நம்முடைய ஜெர்மனியில், ஒரு கையும் ஒரு காலும் இல்லாமல் போய் விழுகிறான். தம்பி பத்து வயது உடலோடு மீள்கிறான். அண்ணனோடு அலைந்த நான்கு ஆண்டுகள் அவன் நினைவில் இல்லை. விடிய விடிய அழுதேன். இதைவிட உண்மையான முடிவு எந்தக் கதைக்கும் அமையாது என்று ஐந்து ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரதர்ஹுட் பார்த்த பிறகு எனக்கு என் அழுகையின் மேலேயே சந்தேகம் வந்தது. அந்த முதல் முடிவில் நான் எதற்காக அவ்வளவு உருகினேன்? எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மறைந்துபோகிற அண்ணனாக இருக்க ஆசைப்பட்டேன். தம்பிக்கு என் குற்றம் மறந்துபோக வேண்டும். என் தியாகத்தைப் பார்க்கிறவர்கள் அழ வேண்டும். அவன் காலை நான் தினமும் பார்க்கக் கூடாது. கருப்பண்ணனிடம் கேட்டதும் அதைத்தான். என் கால் போயிருந்தால் எனக்கு நிம்மதி, கணக்குத் தீர்ந்திருக்கும். சோக முடிவு குற்றம் செய்தவனை விடுவித்து அனுப்பிவிடும் என்பதை உங்கள் தோழி யோசித்ததுண்டா? ஃபிளாண்டர்ஸ் கிராமத்துக்குக் கிடைக்காத விடுதலை எட்வர்டுக்கு அங்கே கிடைக்கிறது. (2005இல் வந்த திரைப்படம் அந்தக் கதையை மேலே கொண்டுபோகிறது. அதை இப்போது விட்டுவிடுகிறேன்.)

பிரதர்ஹுட் எளிதாகச் சரிசெய்துவிடுகிறது என்கிறாரா உங்கள் தோழி? திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். எட்வர்டுக்கு எளிய வழிகள் இருந்தன. மனித உயிர்களால் ஆன ரசவாதக் கல் இருந்தது, மறுக்கிறான். அப்பா ஹோஹென்ஹைம் தன் உயிரைத் தருகிறேன் என்கிறார். அவரைத் திட்டி மறுக்கிறான். தன் உயிரைக் கொடுக்கவும் அவன் போகவில்லை. அவன் கொடுப்பது ரசவாதத்தை. பன்னிரண்டு வயதில் அரசு ரசவாதி ஆனவன், ஊருக்கும் தனக்கும் தான் யார் என்று காட்டிய ஒரே திறமையைக் கொடுத்துவிட்டு, ‘இனி நான் வெறும் மனிதன்’ என்று ஏற்றுக்கொள்கிறான். இடது கால் இரும்பாகவே இருக்கிறது. தொலைபேசிக் கூண்டில் கொல்லப்பட்ட நண்பர் ஹியூஸ் திரும்பி வரவில்லை. குட்டிப்பெண் நீனா திரும்பி வரவில்லை. ஆல் எலும்பும் தோலுமாக வருகிறான், ஊன்றுகோலோடு. அந்த மெலிந்த உடலை அவசரமாகக் கடந்துவிடாமல் வரைந்திருக்கிறார்கள். ஒரு மேட்டுப்பாதையில் அண்ணனும் தம்பியும் வீட்டை நோக்கி நடந்து வருகிறார்கள். நாய் குரைக்கிறது. சிறுவயதுத் தோழி வின்ரி கதவைத் திறக்கிறாள், ஓடி வந்து இருவர் மேலும் பாய்கிறாள், மூவரும் விழுகிறார்கள். இனி இவர்கள் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். நாளைக்கும், அதற்கு அடுத்த நாளும். எட்வர்ட் அந்த மெலிந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிடக் கடினமான முடிவு ஒரு அண்ணனுக்கு இல்லை. உங்களுக்கு அந்தத் தொடர் பிடித்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். உங்கள் காரணத்தை நீங்களே தேடுங்கள்.

நான் மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தேன். அடுத்த ஆறு ஆண்டுகள் தம்பியை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். ஒருநாளும் தவறியதில்லை. அவன் இப்போது பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். உயர்த்திக் கட்டிய செருப்போடு நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறான்.

கதையின் நடுவில் ஓர் இடம் வரும். தம்பிக்குத் தன்மேல் வெறுப்பு இருக்குமோ என்று எட்வர்டின் மனத்தில் ஒரு கேள்வி. கேட்கப் பயந்து ஆண்டுக்கணக்கில் கேட்காமலேயே இருக்கிறான். வின்ரி சொல்லித்தான் அது ஆலுக்குத் தெரியவருகிறது. உங்கள் கடிதத்தைப் படித்த இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, மொட்டைமாடியில் தம்பியிடம் நான் கேட்டேன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. “கிணற்றில் குதிக்கச் சொன்னவன் நான். உனக்கு என்மேல் கோபம் இருந்ததா?”

அவன் முழங்காலை நீவிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“குதிக்கச் சொன்னதற்கு இல்லை அண்ணா. நீ சொல்லாவிட்டாலும் அந்தக் கோடையில் நான் குதித்திருப்பேன். அதற்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. ஆறு வருடம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குக் கோபம் இருந்தது.”

காலையில் என்னைப் பஸ் நிலையத்தில் விட அவனே ஸ்கூட்டரை எடுத்தான். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அன்புடன்.