ஃபீல்ட் ரெக்கார்டிங் கேள்வி பதில்: ரெக்கார்டர், மைக், காத்து, ஈரம்

ஃபீல்ட் ரெக்கார்டிங், அதாவது ஸ்டுடியோவுக்கு வெளிய போய் சத்தம் பதியறது பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு, ஒண்ணொண்ணா எடுக்கிறேன். பாதிக்கு மேல "எந்த ரெக்கார்டர் வாங்கலாம்"னுதான் கேட்டிருக்கீங்க. அதுக்கு மொதல்லயே சொல்லிடறேன், நல்ல சத்தம் வேணும்னா முதல்ல நீங்க எங்க நிக்கிறீங்கங்கறதுதான், அடுத்தது காத்துக்கு என்ன ஏற்பாடு, அதுக்கப்புறம் மைக், ரெக்கார்டர் கடைசிலதான். காசையும் அதே வரிசைல செலவு பண்ணுங்க.

மதுரை: அக்கா, விஸ்காம் படிக்கிறேன். ஜூம் எச்1என் மாதிரி சின்ன ரெக்கார்டர் போதுமா, இல்ல எச்5, எச்6னு போகணுமா?

வெளி மைக் மாட்டப் போறீங்களா இல்லையா, அதை முதல்ல முடிவு பண்ணுங்க தம்பி. எச்1என்ல எக்ஸ்எல்ஆர், அதாவது பெரிய மைக் மாட்டற மூணு முள் சாக்கெட் கிடையாது, கேபிள் வழியா மைக்குக்கு கரண்ட் குடுக்கற 48 வோல்ட் பேண்டம் பவரும் கிடையாது, அதனால அந்தக் கரண்ட்ல ஓடற பெரிய கண்டென்சர் மைக் எதையும் அதுல நேரா போட முடியாது. எச்5ல அது ரெண்டும் இருக்கு. கூடவே வர்ற மைக்கை மட்டும் வெச்சு ஊர் சத்தம், பேச்சுன்னு எடுக்கறதுன்னா சின்னதே தாராளம். ஆனா கையில பிடிச்சுக்கிட்டு எடுக்காதீங்க, விரல் அசைஞ்சா அது கூட கரகரன்னு விழும், சின்ன ட்ரைபாட்ல வைங்க, காத்தைத் தடுக்க மேல ஒரு முடிக் கவர் போடுங்க.

சென்னை: 32-பிட் ஃப்ளோட் வந்துட்டா கெயின் பத்தி கவலையே இல்லன்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. கெயின்னா மைக்ல வர்ற சத்தத்தை ரெக்கார்டர் எவ்வளவு தூக்கணும்ங்கற அளவு, 32-பிட் ஃப்ளோட்னா ரொம்ப மெல்லிசுல இருந்து ரொம்பப் பெரிய சத்தம் வரைக்கும் ஒரே ஃபைல்ல பதியற முறை. ஜூம் எஃப்6, சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ ரெண்டாவது சீரிஸ்ங்கற ரெக்கார்டர் ரெண்டுமே 2019ல இதோட வந்துச்சு, அப்புறம் வந்த ஜூம் எஃப்3ல கெயின் திருகற குமிழே கிடையாது. உள்ள என்ன நடக்குதுன்னா மைக் சிக்னலை டிஜிட்டலா மாத்தற கன்வெர்ட்டர் ஒரு சேனலுக்கு ஒண்ணுக்கு மேல இருக்கு, ஒண்ணு மெல்லிசான சத்தத்துக்கு, இன்னொண்ணு பெரிய சத்தத்துக்கு, ரெண்டையும் சேர்த்து எழுதிடும். வெடிச் சத்தம் மேல போய் தட்டினாலும் எடிட் பண்ணும்போது இறக்கினா முழுசா வந்துடும். ஆனா இது ரெக்கார்டரோட எல்லையைத்தான் தூக்குது, மைக்கோட எல்லையை இல்ல. மைக் தாங்கற அளவுக்கு மேல சத்தம் போனா மைக்கே கிழிஞ்ச மாதிரி பேசும், அதை எந்த ஃப்ளோட்டும் திருப்பித் தராது. அதே மாதிரி மைக்கோட உள் இரைச்சலும் அப்படியேதான் இருக்கும், தூக்கினா அதுவும் சேர்ந்து தூக்கும். திரும்ப எடுக்க முடியாத விஷயம் எடுக்கறவங்களுக்கு இது ரொம்ப நல்ல பாதுகாப்பு, அதுக்காக நான் கண்டிப்பா சிபாரிசு பண்ணுவேன். கார்டு கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ 24-பிட்ல மணிக்கு ஒரு ஜிபி, 32-பிட்ல கிட்டத்தட்ட 1.4 ஜிபி.

வால்பாறை: பறவை சத்தம் எடுக்கணும் அக்கா. சென்ஹைசர் 416 வாங்கினா தூரத்துல இருக்கறது கிட்ட வருமா?

வராது. 416 மாதிரி நீளக் குழாயா இருக்கற ஷாட்கன் மைக் எதையும் இழுத்துட்டு வராது, பக்கத்துல இருந்து வர்ற சத்தத்தைக் குறைக்கும், அதுவும் மேல் ஸ்தாயிலதான் நல்லா குறைக்கும், அவ்வளவுதான். தூரம் ரெண்டு மடங்கானா திறந்த வெளியில சத்தம் 6 டெசிபல் குறையுது, அதை மைக் மாத்தி ஈடு கட்டறதை விட பத்தடி முன்னாடி போய் அசையாம உட்கார்றது லாபம்.

காட்டுக்கு மைக் வாங்கும்போது ஸ்பெக் ஷீட்ல மொதல்ல செல்ஃப் நாய்ஸ் பாருங்க. மைக் சும்மா இருக்கும்போது அதுவே போடற "ஸ்ஸ்ஸ்"தான் அது. 416ல 13 டெசிபல், சென்ஹைசரோட எம்கேஎச் 8020ல 10, ரோட் என்டி5ல 16, ஸ்டுடியோவுக்குன்னு செஞ்ச ரோட் என்டி1ஏல வெறும் 5. ராத்திரி ரெண்டு மணிக்கு அடர்ந்த காட்டுல சுத்துச் சத்தமே ரொம்பக் கம்மி, அங்க 16க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் காதுல அப்படியே கேக்கும். காசு கம்மின்னா ப்ரைமோ ஈஎம்272 கேப்ஸ்யூல் (மைக்ல சத்தத்தைப் பிடிக்கற பாகம்) போட்ட குட்டி மைக் ஜோடி தேடுங்க, 14 டெசிபல்தான், சின்ன ரெக்கார்டரோட மைக் ஜாக்லயே வர்ற ப்ளக்-இன் பவர்லயே ஓடும், மரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டி வெச்சா அருமையான ஸ்டீரியோ.

நிஜமாவே தூரத்து ஒரு பறவை மட்டும் வேணும்னா பேரபோலிக் டிஷ்தான் வழி, சத்தத்தைக் குவிச்சு நடுவுல இருக்கற மைக்குக்குக் குடுக்கற குழிஞ்ச தட்டு அது. ஆனா டிஷ்ஷோட அகலத்தை விட நீளமான அலையை அது சேர்த்துக் குடுக்காது, 55 சென்டிமீட்டர் டிஷ்னா ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸுக்குக் கீழ பிரயோஜனம் கம்மி. சீகாரப் பூங்குருவி விசிலுக்கு பிரமாதம், கொம்பன் ஆந்தை முனகலுக்கு அவ்வளவா உதவாது. ரிசர்வ் ஏரியான்னா வனத்துறை அனுமதி வாங்கிட்டுப் போங்க. பறவையை வரவழைக்க அதோட குரலையே ஸ்பீக்கர்ல போடறதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க, கூடு கட்டற நேரத்துல அது முட்டையை விட்டுட்டு சண்டைக்கு வருது, நம்ம க்ளிப்புக்காக அது படற பாடு வேண்டாம்.

நாகர்கோவில்: மழைக்காலத்துல கண்டென்சர் மைக் பட்பட்னு வெடிக்குது, ரிப்பேரா?

பெரும்பாலும் ஈரம்தான். சாதாரண கண்டென்சர்ல கேப்ஸ்யூல்ல ஓல்டேஜ் நிக்கணும், ஈரம் ஏறினா அது கசியும், அதுதான் அந்த சத்தம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல ஒரு ராத்திரி மூடி வைங்க, பெரும்பாலும் சரியாகிடும். ஏசி கார்ல இருந்து இறங்கின உடனே மைக்கை வெளிய எடுக்காதீங்க, பைக்குள்ளயே கொஞ்ச நேரம் விட்டு வெளிச் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க. சென்ஹைசர் எம்கேஎச் சீரிஸ் வேற முறை, ரேடியோ அலை மாதிரி உயர் அதிர்வெண் சர்க்யூட்ல ஓடுது, அதனால ஈரத்தை நல்லா தாங்கும். மழைக்காட்டுல வேலை பார்க்கறவங்க அவ்வளவு விலை குடுத்து வாங்கறதுக்கு முக்கிய காரணமே இதான்.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடி காத்துல ஸ்பாஞ்ச் போட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு விழுது. லோ கட் போட்டா போதுமா?

போதாது. ஸ்பாஞ்ச் ஃபேன் காத்துக்குத்தான். அங்க மைக்கைச் சுத்தி காத்து அசையாத ஒரு இடைவெளி வேணும், அதான் கூண்டு மாதிரி ப்ளிம்ப், அதுக்கு மேல முடிக் கவர், ரைக்கோட் கம்பெனி செய்யற மாதிரி. கீழ் ஸ்தாயியை வெட்டற லோ கட் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ்ல போடுங்க, ஆனா மைக்குள்ள அதிர்ற மெல்லிய தகடான டயாஃப்ரத்தையே காத்து தள்ளிட்டா ஃபில்டர் ஒண்ணும் பண்ணாது.

தஞ்சாவூர்: சாமி புறப்பாட்டுல நாகஸ்வரம் தவில் எடுக்க எங்க நிக்கணும் மேடம்?

ஆஹா, எனக்குப் பிடிச்ச கேள்வி. நாகஸ்வரத்தோட விரிஞ்ச வாயான அணைசுக்கு நேர் எதிர்ல நிக்காதீங்க, கொஞ்சம் பக்கவாட்டுல, மூணு நாலு மீட்டர் தள்ளி, மைக்கை ஆள் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க. தவில் ரொம்பக் கிட்ட இருந்தா நாகஸ்வரத்தோட நெளிவு எல்லாம் அது அடியில போயிடும். முன்பக்கச் சத்தத்தை அதிகமா எடுக்கற கார்டியாய்ட் மைக் ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஓஆர்டிஎஃப்ங்கற ஸ்டீரியோ முறையில, 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம், அப்படி வெச்சா தவில்காரர் எந்தப் பக்கம், ஒத்து எந்தப் பக்கம்னு கண்ணை மூடினாலே தெரியும். ஜெனரேட்டர் வண்டி எங்க வருதுன்னு முன்னாடியே விசாரிச்சுட்டு அதுக்கு முதுகு காட்டற மாதிரி நடங்க. வாசிக்கறவங்ககிட்ட முதல்லயே கேட்டுட்டு எடுங்க, எடுத்ததை அவங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க.

யாழ்ப்பாணம்: வணக்கம் அக்கா. எங்கட அம்மம்மாவுக்கு 80 தாண்டிட்டுது, அவ படிக்கிற தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பதிஞ்சு வைக்கோணும். என்னட்ட ஃபோன் மட்டும்தான் இருக்கு, காணுமோ?

போதும், இந்த வாரமே ஆரம்பிங்க, மைக் வாங்கினப்புறம்னு தள்ளவே தள்ளாதீங்க. சுருக்காம பதியற வேவ் (WAV) ஃபார்மேட்ல எடுக்கற ஆப் ஒண்ணு போட்டு, ஏரோப்ளேன் மோட்ல வெச்சு, அவங்க வாய்க்கு ஒரு அடி தூரத்துல மடிச்ச துணி மேல வைங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் அணைங்க. துணிமணி, மெத்தை இருக்கற அறை நல்லது, வெறும் சுவர் எதிரொலிக்கும். பாட்டுக்கு நடுவுல அவங்க பேசறதை வெட்டாதீங்க, இது யார் சொல்லிக் குடுத்தது, யார் செத்தப்போ பாடினதுன்னு சொல்ற இடம் எல்லாம் அதுலதான் இருக்கும். ஆரம்பத்துல நீங்களே தேதி, ஊர், அவங்க பேர் சொல்லிடுங்க. டச்சு இசை ஆய்வாளர் அர்னால்ட் பேக் 1938ல தென்னிந்தியாவுல எடுத்த ரெக்கார்டிங்கை வெச்சுக்கிட்டு இன்னொரு இசை ஆய்வாளர் நசீர் ஜைராஸ்பாய் 1984ல அதே பக்கம் திரும்பப் போய் அந்தக் கலைகள் எப்படி இருக்குன்னு பார்த்தாரு, ஊரும் விவரமும் குறிச்சு வெச்சிருந்தாதான் இந்த மாதிரி வேலையெல்லாம் நடக்கும். காப்பி மூணு வைங்க, ஒண்ணு வேற வீட்டுல.

கோவை: ஹெட்ஃபோன் கட்டாயமா?

கட்டாயம். காதை முழுசா மூடறது.

ஈரோடு: ராத்திரி முழுக்க வெச்சுட்டு வர ஆடியோமாத் எப்படி? பேட்டரி எது?

ஆடியோமாத்ங்கறது காட்டுல தானா பதியற மாதிரி வெச்சுட்டு வர்ற குட்டி ரெக்கார்டர். எந்த இனம் வருது, எப்ப கத்துதுன்னு கணக்கெடுக்க ரொம்ப நல்லது, சாம்பிள் ரேட் 384 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அதாவது நம்ம காதுக்குக் கேக்காத மேல் ஸ்தாயியும் பதியும், அதனால வவ்வாலும் கிடைக்கும். கேட்டு ரசிக்கற தரம் எதிர்பார்க்காதீங்க, உள்ள இருக்கற குட்டி மைக்ல இரைச்சல் ஜாஸ்தி. பேட்டரி மூணு ஏஏ. மத்த கையடக்க ரெக்கார்டருக்கு எனலூப் மாதிரி ரீசார்ஜபிள் போட்டா மெனுல பேட்டரி வகையை நிக்கல் (Ni-MH)னு மாத்திடுங்க, அது 1.2 வோல்ட்தான், மாத்தலன்னா அரை சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துடுச்சுன்னு காட்டும்.